திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம்

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் தருவார்கள். பாஸ்போர்ட், போட்டோ, அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி. இதெல்லாம் எப்படியோ கிடைத்துவிடும். எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு ஒரு இடத்தில் இருக்கிறது: படிப்பு முடிந்ததும் உங்கள் நாட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? வங்கிக் கணக்கு, நிரந்தர வேலை, காணி அல்லது வீட்டு உறுதி என்று உதாரணமும் போட்டிருப்பார்கள்.

நான் பேராதனையில் கலைப்பீட மாணவி. வீடு பதுளை மாவட்டத்தில், பசறைப் பக்கம் ஒரு தோட்டம். 2025 ஜூலையில் ஜெர்மனியின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வாரக் கோடைகாலப் படிப்புக்குத் தெரிவானேன். பாடம், புலம்பெயர்வு பற்றியது. செலவுக்குப் புலமைப்பரிசில் இருந்தது. படிக்கப் போகிற மாணவி என்பதால் 90 யூரோ விசாக் கட்டணமும் இல்லை. ஆதாரத்துக்கு மட்டும் அப்படி விலக்கு எதுவும் இல்லை.

எங்க வீட்டில் காணி உறுதி என்று ஒரு தாள் கிடையாது. லயத்தில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அப்பா தகரம் அடித்துக் கட்டிய குசினி. தாத்தா பிறந்ததும் இதே லயத்தில்தான். நாலு தலைமுறை இருந்தும் வீடு தோட்டத்துக்குத்தான் சொந்தம். விலாசமும் அப்படித்தான்: பெயர், டிவிஷன், தோட்டம், பசறை. வீட்டு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு.

"நம்மகிட்ட என்னம்மா ஆதாரம் இருக்கு?" என்று கேட்டேன். அம்மா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். "இத கொண்டு போய்க் காட்டு. இதுக்காகத்தான் ஒங்க தாத்தா அவ்வளவு அலைஞ்சாரு."

அந்தத் தாளின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்பையே சரியாகப் பதியாத தோட்டங்களில் அதை எப்படி நிரூபிப்பது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். எங்க தாத்தாவுக்கு இலங்கை கிடைத்தது. சின்னத் தாத்தா குடும்பத்துக்கு இந்தியா. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பெயர். எஞ்சியிருந்த நாடற்றவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது.

அந்தச் சான்றிதழை நான் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது தேவையில்லை என்று திருப்பித் தந்தார். அவர் வேலை அது, பட்டியலில் இல்லாததை அவர் என்ன செய்வார்? கடைசியில் எனக்குக் கைகொடுத்தவை வேறு: செப்டம்பரில் பரீட்சை இருக்கிறது என்று பீடம் தந்த கடிதம், கிராம சேவகர் அத்தாட்சி, அப்பாவின் ஈபிஎஃப் கணக்கு விபரம், அம்மாவின் சேமிப்புப் புத்தகம். விசா வந்தது.

வகுப்பில் இருபது பேர். ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு இப்படி வந்து படிப்பது விடுதி மாறுகிற மாதிரி. 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் அவர்களுடைய பெற்றோர் சிலரே போய் வந்திருக்கிறார்கள். போலந்துப் பிள்ளை ஒருத்தி ரயிலில் எல்லை தாண்டி வந்திருந்தாள். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. எல்லோருக்கும் அப்படி இருந்தால் என்ன என்றுதான் தோன்றியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது துருக்கித் தொழிலாளர் பற்றிய பாடம். 1961இல் ஒப்பந்தம் போட்டு ஜெர்மனி அவர்களைக் கூப்பிட்டது. அவர்களுக்கு வைத்த பெயர் விருந்தாளித் தொழிலாளர். வேலை முடிந்தால் விருந்தாளி போய்விடுவார் என்ற கணக்கு. 1973இல் ஆள் எடுப்பது நின்றது, ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது, அதுவும் நிபந்தனைகளோடு. அன்றைக்கு நான் 1948ஐப் பற்றிப் பேசினேன். துருக்கிப் பூர்வீகமுள்ள ஒருவன் கேட்டான்: "உன் தாத்தாவையும் எப்போ போறீங்கன்னு கேட்டாங்களா?" வேறு யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் விளங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு ஆள் வருடத்துக்கு 300 லீட்டர் தேத்தண்ணி குடிக்கிற ஊர். கோப்பையில் கற்கண்டு, மேலே கிரீம், கலக்கக் கூடாது, மூன்று கோப்பையாவது குடிக்க வேண்டும். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். அவர்கள் கலவையில் பெரும்பாலும் அசாம் தேயிலைதான். ஆனால் ஹம்பர்க்கில் ஒரு கடைத் தட்டில் ஊவாவைக் கண்டேன். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், விளைகிற உயரம் எல்லாம் டப்பாவில் இருந்தது. ஜூலை, கச்சான் காற்று அடிக்கிற மாதம். ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிற காலம், அம்மா மலையில் நிற்கிற நேரம். தேயிலைக்கு இவ்வளவு தெளிவான விலாசம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு டப்பாவைத் தட்டில் வைத்தேன்.

திரும்பி வந்ததும் சிலர், "லூசா நீ? அங்கேயே நின்னுருக்கலாம்ல" என்றார்கள். அப்படிச் சொல்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். லயத்தில் இருந்து பார்த்தால் நியாயமான கேள்விதான். எனக்குப் பட்டம் முடிக்க வேண்டும், அம்மா அப்பா இங்கே இருக்கிறார்கள். விசா அலுவலகத்துக்கு இவையெல்லாம் பலவீனமான ஆதாரங்கள், எனக்கு இவைதான் காரணங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்காரர்தானா என்று அன்றைக்குக் கேட்டபோதும் எங்களிடம் தாள் இல்லை. இந்த நாட்டுக்குத் திரும்புவாயா என்று இன்றைக்குக் கேட்டபோதும் இல்லை. 7 பேர்ச் காணி, தனி வீடு என்ற பேச்சு பத்து வருடமாக ஓடுகிறது. எங்க லயத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த வருடம் விண்ணப்பிக்க இருக்கிற தோட்டத்துத் தம்பி தங்கச்சிமாருக்கு: உறுதி இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். பிறப்பு அத்தாட்சியை இப்போதே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள். பீடத்தில் பரீட்சைத் திகதி போட்டுக் கடிதம் கேளுங்கள். அப்பா அம்மாவின் ஈபிஎஃப் விபரத்தை எடுத்து வையுங்கள். வீட்டு ட்ரங்குப் பெட்டியில் தாத்தாவின் சான்றிதழ் இருந்தால் அதை ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். கவுண்டரில் கேட்க மாட்டார்கள். வகுப்பில் உங்கள் முறை வரும்போது தேவைப்படும்.