பெயரும் மூச்சும்

வெளிநாடு சென்ற அன்பர் ஒருவர் தம் புல்டாக் குட்டியை ஜவ்வாது மலையிலுள்ள நம் பங்கு இல்லத்தில் விட்டுச் சென்றார். இளைஞர் ‘சச்சின்’ என்றனர்; இளம்பெண்கள் ‘உஷா’ என்றனர். இருபாலர்க்கும் பொதுவாக நாம் ‘சடுகுடு’ என்றோம். ஆசிய விளையாட்டில் கபடி, ஆடவர்க்கு 1990-இலும் மகளிர்க்கு 2010-இலும் பதக்கப் போட்டியாயிற்றன்றோ!

ஆயினும் சடுகுடு மூச்சடக்கும் ஆட்டம். இந்நாய்க்கோ மூச்சே பாரம். இங்கிலாந்தில் காளைமீது ஏவிக் களிப்பதற்கென வளர்க்கப்பட்ட இனம் இது. 1835-இல் அக்கேளிக்கை தடைசெய்யப்பட்ட பின்னர், அழகெனக் கருதி மனிதர் இதன் மூக்கை மேன்மேலும் குறுக்கினர்.

விலங்குகளுக்கு ஆதாம் பெயரிட்டதைத் தொடக்க நூல் கூறுகிறது. பெயரிடுதல் உரிமை மட்டுமன்று, பொறுப்புமாகும். ஆதலின் சடுகுடுவை நண்பகல் வெயிலில் ஓடவிடுவதில்லை. நிழலும் நீரும் தந்து அதன் மூச்சைக் காக்கின்றோம்.