காத்திருக்கும் நேரம் யாருடையது?

மேலைநாடு என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் எழும் காட்சி ஒன்றுண்டு. கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓடும் புகைவண்டி, குறித்த நிமிடத்தில் வந்து நிற்கும் பேருந்து, நெரிசலற்ற இருக்கை! அயர்லாந்து நாட்டில் குடியேறிச் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட எங்களிடம், ஊரிலுள்ள உற்றார் தொலைபேசியில், "உங்களுக்கு என்ன குறை? அங்கே எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுமே!" என்று சொல்வதுண்டு. அவர்களுக்கு ஓரிரு சொற்களில் விடைகூற இயலாமையால், சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம்.

நாங்கள் வாழ்வது தலைநகரான டப்ளினுக்கு வெளியே உள்ள ஒரு சிற்றூர். எங்களில் ஒருவர் நகர மருத்துவமனையொன்றில் செவிலியர். மற்றவர் அலுவலக ஊழியர். எங்களிடம் கார் இல்லை. இந்திய ஓட்டுநர் உரிமத்தை இங்குக் கொடுத்து இந்நாட்டு உரிமம் பெற முடியாது; எழுத்துத் தேர்விலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். புதியவர்க்குக் காப்பீட்டுத் தொகையும் மிகுதி. ஆதலின் எங்களைப் போன்றோர்க்குப் பேருந்தே கால், பேருந்தே குதிரை.

இந்நாடு போக்குவரத்தை அறியாத நாடு அன்று. டப்ளினிலிருந்து இன்று டன் லேரி என வழங்கும் கடற்கரை ஊருக்கு 1834ஆம் ஆண்டிலேயே புகைவண்டி ஓடியது. 1920ஆம் ஆண்டளவில் தீவு முழுவதிலும் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் இருப்புப்பாதை இருந்தது. பின்னர்க் கார்களும் லாரிகளும் பெருகவே, வருவாய் குன்றிய பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. டப்ளின் நகர டிராம்கள் 1949இல் மறைந்தன. மேற்குக் கார்க் பகுதியின் புகைவண்டிகள் 1961இல் நின்றன. வடமேற்கிலுள்ள டொனகால் மாவட்டத்தில் இன்று ஒரு ரயில் நிலையமும் இல்லை. எஞ்சிய பாதைகளுள் பெரும்பாலானவை தலைநகரிலிருந்து விரல்களைப் போலப் பிரிந்து செல்பவை. மேற்குக் கரையிலுள்ள ஸ்லைகோவிலிருந்து அதே கரையிலுள்ள கால்வேக்கு நேரே செல்லும் ரயில் கிடையாது; ரயிலில்தான் போவேன் என்பவர் கிழக்கே நெடுந்தொலைவு வந்து வண்டி மாறிச் செல்ல வேண்டும்.

பிடுங்கி எறிந்ததன் அருமையைக் காலம் உணர்த்தாமல் விடுவதில்லை. டப்ளினின் ஹார்கோர்ட் தெருப் பாதை 1958ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அதே வழித்தடத்தின் பெரும்பகுதியில் 2004ஆம் ஆண்டு 'லூவாஸ்' என்னும் புதிய டிராம் ஓடத் தொடங்கியது. ஐரிஷ் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்பது பொருள். மக்கள் அதனை விரும்பி ஏறுகின்றனர். விமான நிலையத்திற்கோ இன்றுவரை ரயில் இல்லை. 2005ஆம் ஆண்டின் அரசுத் திட்டத்தில் அதற்கு இடமிருந்தது. பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் 2011இல் ஒத்திவைக்கப்பட்டது. 2018இல் வேறு வடிவில் மீண்டும் அறிவிக்கப்பட்டது. பயணிகளோ பெட்டிகளைச் சுமந்துகொண்டு பேருந்துக்கே காத்து நிற்கின்றனர்.

இனி நாள்தோறும் நாங்கள் காண்பதைச் சொல்வோம். பல சிற்றூர்களில் நிறுத்தம் என்பது ஒரு கம்பம் மட்டுமே. கூரை இல்லை, அமர இடமில்லை. மழையோ பக்கவாட்டில் பெய்வது. குடை பிடித்தால் காற்று அதனைத் தாமரை இலைபோல் மேல்நோக்கி மடித்துவிடும். தொலைவில் வண்டி தோன்றியதும் கையை நீட்ட வேண்டும். நீட்டாவிடில் ஓட்டுநர் நிறுத்தாமலே சென்றுவிடலாம். சில வண்டிகளின் நெற்றியில் 'அஸ் ஷெர்வீஷ்' என்று எழுதியிருக்கும். ஏதோ சேவை புரிய வருகிறது என்று புதியவர் மகிழ்ந்து கைநீட்டுவர். 'சேவையில் இல்லை' என்பதே அதன் பொருள் என்று, வண்டி சேற்றுநீரைத் தெளித்துச் சென்றபின் அருகிலிருப்பவர் விளக்குவார்!

இவற்றையெல்லாம் சிரித்துப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்தற்கரியது வேறொன்று. நிறுத்தத்திலுள்ள மின்பலகை, வண்டி வர இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டும். பத்து, ஏழு, நான்கு, இரண்டு என எண் குறைந்துவரும். முடிவில் அந்த வரியே மறைந்துவிடும். வண்டி வராது. ஓட்டுநர் கிடைக்காமையால் அது புறப்படவே இல்லை. ஆயினும் கால அட்டவணைப்படி பலகை கணக்கிட்டுக்கொண்டே இருந்திருக்கும். இவற்றை இந்நாட்டு மக்கள் 'பேய்ப் பேருந்து' என்றே அழைக்கின்றனர்.

எங்கள் அண்டை வீட்டில், எண்பது வயதைக் கடந்த கைம்பெண் ஒருவர் தனியே வாழ்கிறார். கண்புரையால் பார்வை மங்கிவந்தது. காலை பத்து மணிக்கு நகரிலுள்ள கண் மருத்துவரிடம் வருமாறு கடிதம் வந்தது. அந்த ஒரு நாளுக்காக அவர் ஏழு மாதம் காத்திருந்தார். எங்களுக்கு விடுமுறையாதலால் துணையாகச் சென்றோம். முன்னெச்சரிக்கையாக எட்டு மணிக்கே நிறுத்தத்தில் நின்றோம். முதல் வண்டி பலகையில் வந்து பலகையிலேயே மறைந்தது. நாற்பது நிமிடம் கழித்து வந்தது, ஆட்கள் நிறைந்திருந்தமையால் நிற்காமலே சென்றது. ஊரிலிருந்த இரு வாடகைக் கார்களும் வேறிடம் போயிருந்தன. நாங்கள் மருத்துவமனையை அடைந்தபோது மணி பதினொன்றரை. எழுத்தர் பணிவாகவே பேசினார். ஆனால் மருத்துவர் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் குறிக்கப்பட்டது, நான்கு மாதங்களுக்குப்பின்!

அந்த நான்கு மாதங்களில் அம்மூதாட்டி செய்தித்தாள் படிப்பதை விட்டார். ஊசியில் நூல் கோப்பதை விட்டார். அவருக்கு வரும் கடிதங்களை நாங்கள் மாலையில் படித்துக்காட்டினோம். வண்டி ஒன்று வராததால் ஏற்பட்ட இழப்பை, எந்தப் பலகையும் காட்டுவதில்லை.

இத்தனைக்கும் அவரிடம் இலவசப் பயணச் சீட்டு உண்டு. முதியோர் இலவசமாகப் பயணம் செய்யும் திட்டத்தை அயர்லாந்து 1967ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்தது. இன்று அந்நாட்டில் வாழும் 66 வயது நிறைந்த எவரும் அதைப் பெறலாம். போற்றத்தக்க திட்டம் என்பதில் ஐயமில்லை. அதுபோலவே, டப்ளின் நகரில் அட்டை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் 2 யூரோவில், 90 நிமிடங்களுக்குள் பேருந்து, டிராம், மின்ரயில் என மாறிச் செல்லலாம். கட்டணம் குறைந்தது நன்றே. எனினும் அன்று அம்மூதாட்டி சொன்னதை நாங்கள் மறக்கவில்லை: "சீட்டு என் கையில் இருக்கிறது, பேருந்துதான் யார் கையில் இருக்கிறதென்று தெரியவில்லை."

திரும்பி வந்து இறங்கும்போது, இந்நாட்டு வழக்கப்படி அவர் ஓட்டுநருக்கு உரக்க நன்றி கூறினார். "அம்மா, இன்றுகூட நன்றி சொல்ல வேண்டுமா?" என்று கேட்டோம். "இந்தப் பிள்ளை வந்துவிட்டானே! வராதவற்றுக்கு இவன் என்ன செய்வான்?" என்றார். ஆம், ஓட்டுநரும் நெரிசலில் சிக்கித் தவிக்கும் தொழிலாளியே. கிறிஸ்து பிறப்பு நாளன்று அயர்லாந்தில் ரயிலும் டிராமும் நகரப் பேருந்தும் ஓடுவதில்லை. அவர்களும் மனைவி மக்களோடு விழாக் கொண்டாட வேண்டாமா? அன்று பணிக்குச் செல்லவேண்டிய எங்கள் செவிலியரை, அம்மூதாட்டியின் மகன் தம் காரில் அழைத்துச் சென்றார். நாங்கள் கேட்கவில்லை; தாய் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாங்கள் கண்டறிந்த உண்மை இதுவே. கார் உள்ளவனுக்கு வராத பேருந்து ஒரு செய்தி; இல்லாதவனுக்கு அது ஒருநாள் கூலி, ஒரு தேர்வு, ஒரு மருத்துவம். விடியுமுன் அலுவலகங்களைத் துடைக்கச் செல்லும் பெண்களும், இரவுப் பணி முடித்த செவிலியரும், பள்ளிப் பிள்ளைகளும், முதியோருமே அந்தக் கம்பத்தின் அடியில் நிற்பவர்கள். அவர்களது நேரத்திற்கு விலையில்லை என்று ஒரு சமுதாயம் எண்ணத் தொடங்கினால், அது அவர்களுக்கே விலையில்லை என்று எண்ணுவதாகும்.

பெரிய திட்டங்கள் வர ஆண்டுகள் ஆகும். வராத வண்டியை வராது என்று முன்கூட்டியே அறிவிக்க ஆண்டுகள் வேண்டியதில்லை. மழைக்கு ஒரு கூரையும் முதியவர் அமர ஒரு பலகையும் பெருஞ்செலவு அல்ல. எந்த நாட்டில் வாழ்ந்தாலும், வாகனம் உள்ள அன்பர்கள் தம் தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம், "மருத்துவரிடம் செல்லும் நாள் எப்போது?" என்று ஒருமுறை கேட்டுவைப்பாராக. அரசு செய்ய வேண்டியதை அது குறைக்காது. ஆனால் அந்த ஒரு நாள் தவறாமல் காக்கப்படும்.