திரையைக் கடந்த நிழல்

சென்ற நோன்புப் பெருநாளன்று, பகலுணவுக்குப் பின் நம் இல்லத்து முற்றத்தில் உற்றார் பலரும் கூடியிருந்தோம். அவ்வாரம் வெளிவந்த படமொன்றைத் தங்கை மகன் தன் கைப்பேசியில் ஓட்டிக் காட்டினான். யாரோ அரங்கில் அமர்ந்து களவாகப் பிடித்த படம். நடுவே ஒரு தலையின் நிழல் திரையைக் கடந்து சென்றது. பிள்ளைகள் நகைத்தனர்.

அருகிலிருந்த முதியவர் மட்டும் நகைக்கவில்லை. முப்பதாண்டுகள் நம்மூர்க் கொட்டகையில் படம் ஓட்டியவர். ஊராருக்கு அவர் 'ஆபரேட்டர் காக்கா'. "அந்த நிழலுக்குச் சொந்தக்காரர்கூட டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போயிருக்கிறார், தம்பி. நாம்தாம் வாங்கவில்லை" என்றார்.

அச்சொல் நம்மை நாற்பதாண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றது. வளைகுடாவிலிருந்து மச்சான் கொணர்ந்த வீடியோ டெக் நம் தெருவுக்கே அதிசயமாக விளங்கிய காலம். வாடகைக் கேசட்டுகளை இரவெல்லாம் பார்த்தோம். அவை உரிமை பெற்றவைதாமா என்று ஒருவரும் கேட்டோமில்லை. அண்டை வீட்டு முருங்கைக் கீரையைக் கேளாமல் ஒடித்தாலே, "பிறர் ஹக்கு" என்று கடிந்துகொள்ளும் உம்மாவும் நம்முடன் அமர்ந்து பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே பொருளெனக் கருதினோம் போலும்!

சட்டம் உறங்கிக் கிடக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்று, தண்டனை கடுமையாக்கப்பட்டது. தமிழக அரசு 2004-இல் வீடியோ திருடரையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர்ந்தது. 2023-இன் திரைப்படத் திருத்தச் சட்டமோ, அரங்கில் களவாகப் படம் பிடிப்போருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. ஆயினும், கேசட் குறுந்தகடாயிற்று, குறுந்தகடு இணையமாயிற்று. களவு உடை மாற்றிக்கொண்டதேயன்றி ஓயவில்லை. கேட்டுப் பெறுவோர் வீடுதோறும் இருக்கையில் எங்ஙனம் ஓயும்?

"கோடிகளில் புரளும் நடிகருக்கு நம் நூறு ரூபாயா குறைந்துவிடும்?" என்று வினவுவோர் உளர். பெரிய நடிகரின் ஊதியம் பெரும்பாலும் படம் வெளிவருமுன்பே பேசி முடிந்துவிடுகிறது. வட்டிக்குக் கடன் வாங்கிப் படமெடுத்த சிறு தயாரிப்பாளரும், அடுத்த படம் தொடங்கினாலன்றி வேலையில்லாத லைட்மேனும், அரங்கில் டிக்கெட் கிழிப்பவருமே இழப்பைச் சுமக்கின்றனர்.

நம்மூர்க் கொட்டகை இன்று திருமண மண்டபமாக நிற்கிறது. களவொன்றே அதற்குக் காரணம் என்பது நேர்மையாகாது. தொலைக்காட்சியும் மனை விலையேற்றமும் தம் பங்கைச் செய்தன. எனினும், புதுப்படத்தின் திருட்டுக் குறுந்தகடு பேருந்து நிலையக் கடையில் முப்பது ரூபாய்க்கு விற்ற நாட்களில், வெறுமையாய்க் கிடந்த நாற்காலிகளைக் காக்கா தம் அறையின் சிறு துவாரம் வழியே எண்ணிப் பார்த்ததுண்டு. அத்தகடுகளுள் சில நம் வீட்டு அலமாரியிலும் இருந்தன என்பதை அவரிடம் நாம் சொன்னதேயில்லை.

மறுவாரம் பிள்ளைகளையும் காக்காவையும் அழைத்துக்கொண்டு பக்கத்து நகரத்து அரங்கிற்குச் சென்றோம். அனைவருக்கும் டிக்கெட் வாங்கினோம். இடைவேளையில், அந்தக் குறுந்தகடுகளைப் பற்றி அவரிடம் கூறிவிட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், நம் தோளில் கை வைத்து, "அப்படியானால் டீக்காசும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும், தம்பி" என்றார்.