வெந்ததை வேக வைப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு பாக்கெட் ஹாட் டாக் வாங்கினால், பெரும்பாலும் உள்ளே 10 சாசேஜ் இருக்கும். அதற்கான பன் பாக்கெட்டில் 8தான். மிஞ்சும் இரண்டை என்ன செய்வது என்பது அங்குள்ள குடும்பங்களின் பழைய நகைச்சுவை. ஆனால் அந்தப் பத்தையும் எப்படிச் சமைப்பது என்று கேட்டால் வீடே கட்சி பிரிந்துவிடும். “தண்ணீரில் போட்டால் போதும்” என்பார் அம்மா. “கரி அடுப்பில் வாட்டாதது ஹாட் டாக்கே இல்லை” என்பார் அப்பா. மைக்ரோவேவ் இருக்கும்போது அடுப்பு எதற்கு என்று கேட்பான் காலேஜ் போகும் பிள்ளை.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் மூவருமே சமைப்பதில்லை. சமையல் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆலையிலேயே இறைச்சியை விழுதாக அரைத்து, உப்பும் மசாலாவும் சேர்த்து, நீளமான உறையில் அடைத்து, வேக வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான வகைகளில் அந்த உறையையும் உரித்துவிட்டுத்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். வீட்டுக்கு மிச்சம் இருப்பது இரண்டே வேலை: உள்ளே நன்றாகச் சூடேற்றுவது, வெளியே கொஞ்சம் ருசி ஏற்றுவது.

தண்ணீர் வழி எல்லாவற்றிலும் எளியது. ஆனால் தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டால் சாசேஜ் வெடித்து, ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, சிறு குமிழ் மட்டும் வரும் நிலையில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் போதும். நியூயார்க் தெருவோரத் தள்ளுவண்டிகளில் நாள் முழுக்க வெந்நீரில் மிதப்பவற்றை, ‘அழுக்குத் தண்ணீர் நாய்’ என்று அந்த ஊர்க்காரர்கள் செல்லமாகக் கேலி செய்வார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே வாங்கியும் சாப்பிடுவார்கள்.

வாணலியில் செய்பவர்களிடம் ஒரு நல்ல உபாயம் உண்டு. சாசேஜோடு கால் டம்ளர் தண்ணீர் விட்டு மூடிவிட வேண்டும். தண்ணீர் வற்றுவதற்குள் உள்ளே சூடேறிவிடும். பிறகு ஒரு துண்டு வெண்ணெய் போட்டு உருட்டிவிட்டால் வெளிப்புறம் பொன்னிறமாகச் சிவக்கும். பன்னையும் அதே வெண்ணெயில் லேசாக வாட்டிக்கொள்ளலாம். ஒரே பாத்திரம், இரண்டு பலன்.

கரி அடுப்பு அப்பாக்களின் ராஜ்ஜியம். கோடை வந்தால், அதிலும் ஜூலை 4 சுதந்திர தினத்தன்று, கொல்லைப்புறம் எங்கும் இந்தப் புகைதான். அவசரக்காரர்கள் கொழுந்துவிட்டு எரியும் தீயில் வைத்து, மேலே கரியும் உள்ளே குளிருமாக எடுத்துத் தருவார்கள். தணல் மிதமாக இருக்க வேண்டும், அடிக்கடி உருட்ட வேண்டும். நீளக் குச்சியில் செருகி, கத்தியைச் சுருளாகச் சுற்றிக் கீறுவதும் உண்டு. கீறிய ஓரங்கள் மொறுமொறுப்பாகும், கடுகு சாஸும் வெங்காயமும் இடுக்குகளில் நன்றாகத் தங்கும்.

மைக்ரோவேவில் வைப்பவர்கள் இரண்டு கீறல் போட்டு, காகிதத் துவாலையில் சுற்றி, முக்கால் நிமிடம் வைக்கிறார்கள். கீறாமல் வைத்தால் உள்ளே திரளும் நீராவி சாசேஜைப் பிளந்துவிடும். ருசியில் இதற்குத்தான் கடைசி இடம் என்றாலும், பசி நேரத்தில் யாரும் குறை சொல்வதில்லை.

சூடான பிறகு மேலே என்ன போடுவது என்பது ஊருக்கு ஊர் மாறும். சிகாகோவில் கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகு சாஸ், வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, சின்ன மிளகாய், செலரி உப்பு எல்லாம் உண்டு. தக்காளி கெட்சப் மட்டும் கூடாது! அரிசோனாவின் டூசான் பக்கம் பேக்கனைச் சுற்றி வாட்டி, மேலே பீன்ஸ் போடுவார்கள். ஜெர்மானியக் குடியேறிகளோடு வந்த இந்தப் பண்டம் 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தட்டு வரைக்கும் போனது.

‘ஏற்கெனவே வெந்ததுதானே’ என்கிற அலட்சியம்தான் இதில் ஆபத்து. வெந்த பிறகும், பாக்கெட்டில் அடைக்கும்போது லிஸ்டீரியா என்ற கிருமி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அது ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஆவி பறக்கும் அளவுக்கு, அதாவது 74 டிகிரி செல்சியஸ் வரை, சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும் என்கிறது அமெரிக்க அரசு. பிரித்த பாக்கெட்டை ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

குழந்தைகள் விஷயம் இதைவிடப் பெரிது. சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும் வடிவமும் மென்மையும் ஹாட் டாக்குக்கு உண்டு. குழந்தைகளின் தொண்டையை அடைத்து உயிரைப் பறிக்கும் உணவுகளில் இது முன்வரிசையில் இருக்கிறது. இதன் வடிவத்தையே மாற்றுங்கள் என்று 2010இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு கேட்டுக்கொண்டது.

அங்கு வாழும் தமிழ் வீடுகளுக்கும் இது சேதிதான். பள்ளியில் சாப்பிட்டுப் பார்த்த பிள்ளை வீட்டிலும் கேட்கும். மாடா, பன்றியா, கோழியா என்று அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்கிவருவார். பேரப் பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, வெண்டைக்காய் நறுக்கிய கையால் அதையும் வட்ட வட்டமாக நறுக்குவார். வெங்காயம், பச்சை மிளகாயோடு வதக்கினால் பெரியவர்களுக்கு அது அருமையான தொட்டுகை. ஆனால் பிஞ்சுத் தொண்டைக்கு அந்த வட்டம்தான் எமன். நாலு வயது வரை ஹாட் டாக்கை முதலில் நீளவாக்கில் நாலாகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்க வேண்டும். குழந்தையை உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து ஊட்ட வேண்டும்.

தினமும் வேண்டும் என்று அடம் பிடித்தால் இறங்கிப் போகவும் கூடாது. தினசரி 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி, அதாவது ஏறக்குறைய ஒரு ஹாட் டாக், பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைச் சுமார் 18 சதவீதம் கூட்டுவதாக 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொன்னது. மாதத்தில் ஒரு நாள், ஒரு பிறந்தநாள், ஒரு பேஸ்பால் ஆட்டம் என்று இருந்தால் ஆசையும் தீரும், ருசியும் அலுக்காது.

எந்த வழியில் சூடாக்கினால் சிறப்பு என்ற சண்டை அங்கே எப்போதும் தீரப்போவதில்லை. அது தீரவும் வேண்டாம். அடுப்பில் யார் நின்றாலும் சரி, தட்டில் வைக்கும் முன் ‘இது யாருக்கு?’ என்று ஒரு நொடி யோசித்துக் கத்தியை எடுத்தால் போதும்.