குழி வித்தையும் கிளாஸ் வித்தையும்

சைக்கிள் சர்க்கஸ் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நடுவில் ஒரு மூங்கில், அதில் ட்யூப் லைட், மைக் செட். அதைச் சுற்றி ஒருத்தன் ஏழு நாள் ராப்பகலாகக் கீழே கால் வைக்காமல் சைக்கிள் ஓட்டுவான். ஓட்டிக்கொண்டே குளிப்பான், சவரம் செய்துகொள்வான், தரையில் கிடக்கிற ரூபாய் நோட்டை வாயால் கவ்வுவான். கடைசி நாள் அவனைக் குழிக்குள் படுக்க வைத்து, பலகை போட்டு மண் தள்ளி மூடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து எடுப்பார்கள். கூட்டம் அதற்குத்தான் வரும்.

எங்க சித்தப்பா இந்தத் தொழில்தான் செய்தார். குன்னத்தூர், ஊத்துக்குளி, நம்பியூர்ப் பக்கமெல்லாம் போவார். ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது எங்க வளவு ஆளுக. சர்க்கசில் குழிக்குள் படுப்பதும் எங்க ஆள். "செத்தவனுக்கும் நாம வெட்டறோம், சாகாம நாமளே படுக்கறோம்" என்று எங்க அம்மா சொல்லும்.

சர்க்கஸ்காரனுக்குச் சாதி இல்லை என்பார்கள். 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் முதல் இந்திய சர்க்கசைத் தொடங்கினார். 1901இல் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலச்சேரிக்குப் பக்கம் சிறக்கரையில் பயிற்சிக்கூடம் வைத்தார். அங்கே படித்தவர்கள் நாடெங்கும் போய் ஆடினார்கள். கூடாரத்துக்குள் ஒருத்தன் கையை இன்னொருத்தன் பிடித்தால்தான் பார் விளையாட்டு நடக்கும். பிடிக்காவிட்டால் சாவு. அங்கே தீட்டுப் பார்க்க முடியாது. சித்தப்பாவுக்குக் கூடாரம் இல்லை. ஊர்ச் சாவடி முன்னால் மொட்டை வெளிதான். அங்கே சாதி உண்டு.

1986 வாக்கில் அவருக்குக் குழி வித்தை வெறுத்துப்போயிற்று. வேறொன்று யோசித்தார். சைக்கிளில் ஒரு சுற்று டீக்கடைக்காரராக வருவார். தலையில் உருமால், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, ஒசரத்திலிருந்து டீ ஊற்றுகிற மாதிரி. அடுத்த சுற்று உருமாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாங்களாக வருவார். கொட்டாங்குச்சியை ஏந்திக் குடித்து, கழுவி, மூங்கிலில் கவிழ்த்து வைப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். பபூன் வேஷம்தான்.

பக்கத்து ஊர் ஒன்றில் முதல் தடவை அதைச் செய்தார். பிள்ளைகள் சிரித்தன. பெரியவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தர் எழுந்து, "டேய், இதெல்லாம் எதுக்குடா? குழியத் தோண்டுடா" என்றார். சித்தப்பா இறங்கவில்லை. விடிய விடிய சைக்கிளை மிதித்துக்கொண்டே இருந்தார். பேசின பணமும் கொடுக்கவில்லை, அரிசியும் போடவில்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. அந்த ஊரில் அன்றைக்கும் தனி கிளாஸ்தான்.

பிறகு எங்க வளவுகளில் மட்டும் அந்த வித்தையைக் காட்டினார். பொம்பளைக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வசூல் பத்தாது. டிவி வந்தது, பனியன் கம்பெனிகள் பெருகின. அவர் கம்பெனியில் அயர்ன் போடப் போனார். ஏழு நாள் தூங்காத உடம்புக்கு ஒன்றரை ஷிப்ட் பெரிசாகத் தெரியவில்லை.

புலி, சிங்கம், கரடி, குரங்குகளை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது. 2001இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011இல் சிறுவர்களைச் சேர்க்கவும் தடை வந்தது. பெரிய சர்க்கசுகள் வேறு வித்தை தேடின. மிருகத்துக்கும் குழந்தைக்கும் சட்டம் பேசியது சரிதான். ஆனால் சித்தப்பாவைக் குழிக்குள் படுக்கச் சொன்னது எந்த முதலாளியும் இல்லை. வேடிக்கை பார்த்த ஊர். நம் உடம்பு நசுங்கினால் அதற்குக் காசு போடுவார்கள். அதே உடம்பு அவர்களைப் போல நடித்துக் காட்டினால் பொறுக்க மாட்டார்கள். சித்தப்பா பள்ளிக்கூடம் போகாதவர். இதை ஒரு கொட்டாங்குச்சியை வைத்துக்கொண்டு ஊர் நடுவில் சொல்லிவிட்டார்.