முசிறிக்காரரும் முத்திரைத்தாளும்

மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் போதும். எதிராளி முகத்தில் ஒரு துக்கம் படரும். "அடடா... காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்பார், ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனை விசாரிப்பது போல. 2022-இல் மேம்பாலம் திறந்தபோது, "இனிமே பறக்கலாம் சார்" என்றார்கள். பறக்கத்தான் செய்கிறோம். பாலம் இறங்கின இடத்தில் மொத்தமாக நிற்கிறோம்.

அப்பேர்ப்பட்ட மேடவாக்கத்தில் எனக்கு ஒரு சொந்த ஃப்ளாட் ஆசை வந்தது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் பர்மிஷன் கேட்கிறவனுக்குத்தான் அந்த ஆசையின் வலி தெரியும். மூன்று பெட்ரூம், லிஃப்ட், ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஃப்ளாட்டின் ஜன்னல். பேங்க் லோன், பி.எஃப்., மனைவியின் நகைச் சீட்டு எல்லாம் கூட்டிப் பார்த்தும் 18 லட்சம் உதைத்தது. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன் நான். கணக்கு உதைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அப்போதுதான் முசிறி ஞாபகம் வந்தது.

முசிறியில் அம்மாவுக்கு ஒரு வீடு. தாத்தா அம்மா பேரிலேயே எழுதி வைத்தது. அப்பா போனபிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கள் ஆபீஸில் சகல விஷயங்களுக்கும் ஆலோசனை வழங்கும் ஒரு சீனியர் உண்டு. அவர் சொன்னார்: "அம்மாவை எதுக்குப்பா முசிறிக்கும் மேடவாக்கத்துக்கும் அலைக்கழிக்கறே? உன் பேருக்கு ஒரு ஜெனரல் பவர் எழுதி வாங்கிடு. ஒரே கையெழுத்து. அப்புறம் விக்கறது, பணம் வாங்கறது எல்லாம் நீயே பார்த்துக்கலாம். வயசானவங்களுக்கும் நிம்மதி."

வயசானவங்களுக்கு நிம்மதி என்ற கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தில் பத்திரம் எழுதுபவரிடம் போனேன். "ஒரு கையெழுத்தும்மா, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. தாம்பரத்துக்குள் ஆட்டோ நுழைந்ததும் வெளியே பார்த்துக்கொண்டே, "இந்த ஊர்லதான் ராஜம் கிருஷ்ணன் இருந்தாங்க" என்றாள்.

"யாரும்மா அது? நம்ம சொந்தமா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆறாம் வகுப்பில் கணக்கில் 11 மார்க் வாங்கிய ரேங்க் கார்டை நீட்டினபோது பார்த்த அதே பார்வை.

"எழுத்தாளர்டா. நம்ம முசிறியில பொறந்தவங்க. அத்தனை புஸ்தகம் எழுதினவங்க, கடைசியில வீடில்லாமப் போயிட்டாங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்திரம் எழுதுபவர் விவரங்களைக் குறித்துக்கொண்டு, டிராஃப்டை டைப் அடித்து என் கையில் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ரிஜிஸ்டர் பண்ணிடலாம்."

அன்று ராத்திரி டிராஃப்டைப் படிக்கவில்லை. ராஜம் கிருஷ்ணனைப் படித்தேன்.

* * *

1925, நவம்பர் 5-ஆம் தேதி முசிறியில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. கணவர் முத்துகிருஷ்ணன், மின்சார இலாகாவில் என்ஜினீயர். அந்தக் காலக் கணக்குப்படி, கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சமையல், பண்டிகை, சுபம்.

ஆனால் இந்த அம்மாள் எழுத ஆரம்பித்தார். 1950-இல் நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன் நடத்திய சர்வதேசச் சிறுகதைப் போட்டியில் இவருடைய 'ஊசியும் உணர்வும்' தமிழுக்கான பரிசைப் பெற்றது. 25-ஐ ஒட்டிய வயது. நான் 25 வயதில் வாங்கிய ஒரே பரிசு, ஆபீஸ் கேரம் போட்டியில் ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். பிறகு 'பெண் குரல்' நாவலுக்குக் கலைமகள் பரிசு, 'மலர்கள்' நாவலுக்கு ஆனந்த விகடன் பரிசு என்று வரிசையாக வந்தன.

கணவருக்கு நீலகிரிப் பக்கம் உத்தியோகம். டிரான்ஸ்பர் என்றால் நமக்கெல்லாம் என்ன? கேஸ் கனெக்‌ஷன், ஸ்கூல் அட்மிஷன், புது ஊரைப் பற்றிப் புலம்பல். இவர் அங்கே இருந்த படகர்களின் வாழ்க்கையைப் பார்த்தார். மாடும் தினையும் சாமையுமாக இருந்த மலைக் கிராமத்தில் தேயிலையும் பணமும் நுழைந்தால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று எழுதினார். அதுதான் 1963-இல் வந்த 'குறிஞ்சித் தேன்'. 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சியை வைத்துத்தான் அந்த மனிதர்கள் காலத்தைக் கணக்கிடுகிறார்கள். நாம் இ.எம்.ஐ. தவணையை வைத்துக் கணக்கிடுகிறோம்.

அதற்கப்புறம் இவர் போன இடங்களைப் பட்டியல் போட்டால் டி.ஏ. பில் பாஸ் பண்ணுகிற நானே மலைத்துப் போவேன். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக்காரர்களைப் பற்றி எழுத அந்தப் பக்கமே போனார், 'முள்ளும் மலர்ந்தது' வந்தது. கோவா விடுதலையைப் பற்றி 'வளைக்கரம்'. தென்கோடி மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க் கரையில்'. தஞ்சாவூர் விவசாயக் கூலிகளைப் பற்றி 'சேற்றில் மனிதர்கள்'. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிக் 'கூட்டுக் குஞ்சுகள்'. பெண் சிசுக்கொலையைப் பற்றி 'மண்ணகத்துப் பூந்துளிகள்'. விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையைத் தேடிப் போய் எழுதினது 'பாதையில் பதிந்த அடிகள்'. எதையும் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு யோசித்து எழுதவில்லை. அந்தந்த ஊருக்குப் போய், ஜனங்களோடு பேசி, பார்த்துவிட்டு வந்து எழுதினார்.

1973-இல் 'வேருக்கு நீர்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. தமிழில் அந்த விருதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். அடுத்த பெண்ணுக்கு, அதாவது எழுத்தாளர் லக்ஷ்மிக்கு, அது கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் முசிறிக்காரர் ஒருவர் செய்திருக்கிறார். முசிறித் தாயாருக்குப் பிறந்த எனக்கு, 'நம்ம சொந்தமா' என்று கேட்கத்தான் தெரிந்தது.

* * *

மறுநாளிலிருந்து பஸ்ஸில் ஃபோனில் 'கரிப்பு மணிகள்' படிக்க ஆரம்பித்தேன். காசு கொடுக்கவில்லை. இவருடைய புத்தகங்கள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், படிக்கலாம். (இலவசம் என்றதும் நான் படிக்க ஆரம்பித்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.)

தூத்துக்குடி உப்பளங்களின் கதை. பொன்னாச்சி என்ற பெண்ணும் அவள் தம்பி பச்சையும் அளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். மேலே வெயில், கீழே உப்பு நீர், சுற்றிலும் கண்ணைக் குத்துகிற வெள்ளை. போதாக்குறைக்கு அதிகாரம் செய்கிறவர்களின் கைக்கும் கண்ணுக்கும் தப்பி அந்தப் பெண்கள் கூலியோடு வீடு திரும்ப வேண்டும். பள்ளிக்கரணையில் பஸ் நின்றது, வேளச்சேரியில் நின்றது. நெற்றியிலிருந்து வழிந்த வேர்வை உதட்டில் கரித்தது. கிண்டியில் இறங்க மறந்து சைதாப்பேட்டை வரைக்கும் போய்விட்டேன். ஆபீஸில் அரை நாள் லீவு கழித்தார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர் சாதத்தில் உப்பு சரியாக இருந்தது. அந்த உப்பைப் பற்றி நான் 33 வருஷமாக ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம்தான் அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றிப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

குழந்தைகள் இல்லை. 2002-இல் கணவர் காலமானார். இவருக்கு அப்போது 76 வயது. அதுவரை எல்லாவற்றுக்கும் கூட இருந்தவர் போய்விட்டார். அதன்பிறகு, நம்பியவர்கள் மூலமாகவே வீடும் சேமிப்பும் கைவிட்டுப் போயின என்று பத்திரிகைகள் எழுதின. பாலவாக்கத்தில் உள்ள விச்ராந்தி முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். தாம்பரத்துக்கும் பாலவாக்கத்துக்கும் நடுவில்தான் எங்கள் மேடவாக்கம்.

உடம்பு முடியாமல் போனபிறகு போரூர் ராமச்சந்திரா ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் இருந்தார். 2009-இல் தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. பொதுவாக எழுத்தாளர் காலமான பிறகுதான் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்குவார்கள். இவருக்கு உயிரோடு இருக்கும்போதே செய்தார்கள். எழுதினதெல்லாம் ஊருக்கே சொத்து, எழுதினவருக்கு மட்டும் ஒரு வீடு இல்லை. 2014, அக்டோபர் 20-ஆம் தேதி காலமானார். 89-ஆவது பிறந்த நாளுக்கு இன்னும் 16 நாள் பாக்கி இருந்தது.

உப்பளத்துக்காரர்கள் எப்படி ஏமாற்றப்படுகிறார்கள், வயல் கூலிகள் எப்படி ஏமாற்றப்படுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்த் தெரிந்துகொண்டு வந்து எழுதினவர் அவர். அவரையே ஏமாற்ற முடியுமா? முடியும் சார். ஏனென்றால் வீட்டுக்குள் வருகிறவன் கங்காணி மாதிரி சாட்டையோடு வருவதில்லை. "உங்க நிம்மதிக்குத்தான் சொல்றேன்" என்று, கையில் பேனாவோடு வருவான்.

என் பையில் டிராஃப்ட் இருந்தது. முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். 'விற்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்' என்று எல்லாம் நானே. அம்மாவுக்கு என்ன என்று ஒரு வரி இல்லை. நான் ஏமாற்றுகிறவன் இல்லை, சத்தியமாக. ஆனால் அந்தக் காகிதத்தைப் படித்தால், ஏமாற்றுகிறவனுக்கும் எனக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, முசிறி வீட்டை வித்துடலாமா?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு மாசமா இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கே. இன்னிக்குத்தான் கேள்வியாக் கேட்கறே."

"வேண்டாம்னா விட்டுடறேன்."

"விக்கலாம். பூட்டின வீட்டுல யாரு இருக்கப் போறா? ஆனா பவர் கிவர் எல்லாம் வேண்டாம். நானே முசிறிக்கு வர்றேன். நானே கையெழுத்துப் போடறேன். ஒரு தடவை காவேரியையும் பார்க்கணும்."

"சரிம்மா."

"பணம் என் பேங்க் அக்கவுண்டுக்கு வரணும். பாதி என் பேர்ல டெபாசிட். அதுல கை வைக்கக் கூடாது. மீதியில உனக்குக் கடன் தர்றேன்."

"கடனா?"

"பின்னே? பேங்க்காரன்கிட்ட வாங்கறியே, அவன் என்ன உன்னைப் பத்து மாசம் சுமந்தானா?"

பதில் இல்லை. உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ராஜம் கிருஷ்ணன் கதை தெரிஞ்சுதான் அன்னிக்கு ஆட்டோவுல சொன்னியாம்மா? என்மேல சந்தேகமா?"

கீரைக் கட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உன்மேல சந்தேகம் இல்லைடா. அவங்களும் யார்மேலயும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாங்க."

போன மாசம் முசிறிக்குப் போய் வந்தோம். சார்பதிவாளர் ஆபீஸில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா அவசரப்படவில்லை. சாயங்காலம் காவிரிக் கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "போலாம்" என்றாள்.

மூன்று பெட்ரூம் இரண்டாயிற்று. மேடவாக்கத்திலிருந்து இன்னும் உள்ளே, மாம்பாக்கம் ரோட்டில். ஆபீஸுக்கு இன்னும் அரை மணி அதிகம். பரவாயில்லை. 'சேற்றில் மனிதர்கள்' பாதியில் இருக்கிறது.

நேற்று ஆபீஸ் சீனியர் கேட்டார்: "என்னப்பா, அம்மாகிட்ட கையெழுத்து வாங்கியாச்சா?"

"இல்லை சார். அவங்கதான் என்கிட்ட வாங்கிட்டாங்க."

ஆமாம். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, புரோநோட்டில்.