டவுன்ஷிப்பில் ஒலித்த புதுவை வானொலி

வெளியூர்க்காரர்களுக்கு நெய்வேலி என்றால் நிலக்கரி, அனல்மின் நிலையம். எனக்கு அதோடு, டவுன்ஷிப்பில் ஒலித்த புதுச்சேரி வானொலியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1967-ல் தொடங்கிய நிலையம். ஆடிஷனில் தேறினால் கிராமத்து நாகஸ்வரக்காரருக்கும் நேரம் கிடைக்கும். பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். பிறகென்ன, கல்யாணப் பத்திரிகையில் 'ஆல் இந்தியா ரேடியோ புகழ்' என்று போட்டுக்கொள்ளலாம்! (அந்த மவுசு எந்தப் பொன்னாடைக்கும் கிடையாது.)

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய நெய்வேலி சந்தானகோபாலனைச் சபாக்கள் கொண்டாடுகின்றன. சபா வாசலை எட்டாதவர்களுக்கு வானொலிதான் மேடை. யூடியூபில் யாரும் பாடலாம், சரி. ஆனால் தேடினால்தானே கிடைக்கும்? வானொலி, தேடாதவர் காதிலும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

டவுன்ஷிப்பில் உங்கள் பிளாக்கில் வானொலியில் பாடியவர், வாசித்தவர் யாராவது உண்டா? சொல்லுங்களேன்.